பதினான்கு விநாடி டர்பைன்

எங்கள் டர்பைன் ரயில் அன்பர் கழகத்தில் பதினொரு பேர் இருக்கிறோம். ரயில்தான் இல்லை. ஹெலிகாப்டர் இன்ஜினைத் தூக்கி வைத்துப் பாரிஸுக்கும் ஷெர்பூருக்கும் நடுவே ஓடவிட்ட அந்த வண்டிகள், எண்ணெய் குடித்த வேகத்திலேயே காணாமலும் போய்விட்டன. எங்களிடம் மிஞ்சியவை ஒரு கதவுக் கைப்பிடி, இரண்டு சாம்பல் கிண்ணங்கள், தலைவர் ரெஜிஸ் ஒஸ்மோன், அவருடைய ஒலிநாடா.

ஒலிநாடா 1974-ல் பதிவானது. பத்தொன்பது வயது ரெஜிஸ், ஓடும் டர்பைன் ரயிலுக்குள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஒவ்வொரு கூட்டமும் இதில்தான் தொடங்கும். எல்லோரும் எழுந்து தொப்பியைக் கழற்றுவோம். அடித்தொண்டையில் புறப்படும் ஒரு சீழ்க்கை, ஏறி ஏறி உச்சிக்குப் போகும். பதினான்கு விநாடி. சரியாகப் பதினைந்தாவதில் தலைவர் நிறுத்திவிடுவார்.

"ரயில்வே அலுவலர் ஒருவரே அந்த இடத்துல உறுதிப்படுத்தின ஒலி இது. இதுக்கப்புறம் வர்றது நிர்வாக உரையாடல். சபைக்குத் தேவையில்ல" என்பார். நாங்களும் உட்காருவோம்.

இந்த ஒலிக்கு இப்போது நல்ல காலம் பிறந்திருந்தது. முப்பது வருஷம் கடிதம் எழுதி எழுதி, எங்கள் ஊர் ஸ்டேஷன் கூடத்தில் பொத்தான் வைத்த ஒரு பெட்டிக்கு அனுமதி வாங்கியிருந்தார் தலைவர். பொத்தானை அமுக்கினால் சத்தம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மேயர் முதலில் அமுக்குவார். கீழே பலகை: 'டர்பைனின் குரல். பதிவு: ரெஜிஸ் ஒஸ்மோன்.' அந்த ஸ்டேஷனில் தன் பெயர் இருக்க வேண்டும் என்பதைத் தவிர மனிதருக்கு வேறு ஆசை கிடையாது. புது கோட்டும் தைத்தாகிவிட்டது.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் புது உறுப்பினர் வந்தார். கிஸ்லேன் ஓவ்ரே, எழுபத்திரண்டு வயது. இளமையில் அதே ரயிலில் சிற்றுண்டி விற்கும் பார் பெட்டியில் காபி ஊற்றியவர்.

கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேஜைக்கு மேலே ஆணியில், ரயில் கார்டு ஊதும் பழைய விசில் ஒன்று தொங்கும். யாருடைய பேச்சிலாவது சந்தேகம் வந்தால் அதை ஊதலாம். ஊதியவர் நிரூபிக்க வேண்டும். தோற்றவர், அன்று கல்வதோஸ் என்ற ஆப்பிள் பிராந்தி குடித்த கிளாஸ்களையெல்லாம் கழுவ வேண்டும். தலைவரைப் பார்த்து இதுவரை எவரும் ஊதியதில்லை. தலைவர் நிறைய ஊதியிருக்கிறார். என் கைகளைக் கேட்டால் சொல்லும்.

ஒலிநாடா ஓடியது. தொப்பியோடு சேர்த்து மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்ற எங்களை மதாம் ஓவ்ரே ஒவ்வொருவராகப் பார்த்தார். பதினைந்தாவது விநாடியில் தலைவர் நிறுத்தினார். மதாம் விசிலை எடுத்து ஊதினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தலைவரே. இது டர்பைன் இல்ல. என் காபி மிஷின்."

"என்னது?"

"பால் சூடு பண்ற குழாய்ல ஆவி ஏறுற சத்தம். நாலு வருஷம் பக்கத்துலயே நின்னிருக்கேன்."

"மதாம், எனக்கு டர்பைன் தெரியாதுன்னு சொல்றீங்களா?"

"டர்பைன் இருந்தது வண்டியோட ரெண்டு கோடியில. பார் பெட்டி நடுவுல. அங்க டர்பைன் இவ்வளவு பக்கத்துல கேட்டிருந்தா நாம ரெண்டு பேரும் இன்னைக்கு இங்க இருக்க மாட்டோம்."

ஓய்வுபெற்ற தபால்காரர் லுசியன் தொப்பியை மெதுவாகத் தலையில் வைத்துக்கொண்டார். தலைவரின் கழுத்து சிவந்தது.

"நிரூபிங்க. இல்லன்னா கிளாஸ் கழுவுங்க!"

"நிறுத்தாம விடுங்க. ஒரு 'டக்'னு கேக்கும். அப்புறம் கப்பு வைக்கிற சத்தம்."

"அது நிர்வாக உரையாடல்!"

"நிர்வாகத்தையும் கேட்டுருவோமே தலைவரே" என்றேன் நான். இருபது வருஷமாகக் கழுவிய கிளாஸ்கள் என்னைப் பேச வைத்தன.

மறுபடி ஓடியது. சீழ்க்கை. டக். கப்பு தட்டில் அமரும் சத்தம். பிறகு ஓர் இளம்பெண் குரல்: "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பால் தெறிக்கும்." அடுத்து, முளைக்கத் தொடங்கிய மீசையின் குரல்: "இப்பக் கேட்டதுதானே டர்பைன்?"

"ஆமாமா, டர்பைன்தான். சக்கரை எத்தனை?"

அதற்குள் தலைவர் பாய்ந்து நிறுத்திவிட்டார்.

"ஐயோ, அது நானேதான்!" மதாம் ஓவ்ரே கன்னத்தில் கை வைத்தார். "பின்னால இருபது பேர் வரிசையில நிக்கிறாங்க. ஒருத்தர் மைக்கை நீட்டிக்கிட்டு நகர மாட்டேங்கிறார். ஆமான்னு சொல்லித் தொலைச்சேன்."

ரயில்வே அலுவலர் யார் என்பது சபைக்கு விளங்கிவிட்டது.

ரெஜிஸ் ஒஸ்மோன் நாற்காலியில் உட்கார்ந்தார். "முப்பது வருஷம் எழுதினேன்" என்றார் தணிந்த குரலில். "பொய்யைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல மாட்ட முடியாது. மேயர்கிட்ட சொல்லிடறேன்." பிறகு எழுந்து கோட்டைக் கழற்றினார், சட்டைக் கையை மடித்தார், எல்லாக் கிளாஸ்களையும் கழுவத் தொடங்கினார். ஒன்றில்கூடச் சோப்பு நுரை மிச்சமில்லை. மனிதர் விதிமுறையை மதிப்பவர், அதைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்பதாவது கிளாஸில் திரும்பினார்.

"நான் எத்தனை சக்கரை சொன்னேன்?"

லுசியன் டேப் ரெக்கார்டரின் பொத்தானை அமுக்கினார். இளம் ரெஜிஸ், நாட்டுக்கே அறிக்கை விடுவதுபோல: "மூணு!"

முதலில் சிரித்தவர் தலைவர்தான். ஈரக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உண்மை தெரிந்தும் மேயர் விழாவை நிறுத்தவில்லை; ஞாயிற்றுக்கிழமை தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார். முழு ஒலிநாடாவும் ஓடியது. சர்க்கரை எத்தனை என்ற கேள்வியில் கூடமே அதிர்ந்தது. மறுபடி அமுக்க வரிசை நின்றதில் இரண்டு பேர் பாரிஸ் வண்டியைத் தவறவிட்டார்கள், வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. புதுப் பலகையில் இப்படி எழுதியிருந்தது: 'டர்பைன் ரயிலின் காபி மிஷின். பதிவு: ரெஜிஸ் ஒஸ்மோன். மிஷினில்: கிஸ்லேன் ஓவ்ரே.'

"அசல் டர்பைன் சத்தம் எப்படித்தான் இருக்கும்?" என்று மேயர் கேட்டார்.

தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார், வாயைத் திறந்தார். மதாம் ஓவ்ரேயின் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தார்.

"மதாமைக் கேளுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர். "அந்த மிஷின் போட்ட சத்தத்துல டர்பைன் எங்க கேட்டுச்சு?"