கண்ணாடியை இறக்கச் சொல்லு

சேஷுவும் கணபதிராமனும் பேசிக்கொள்வதில்லை. ஒன்பது வருஷமாக இல்லை. ஆனால் ஒருவரை ஒருவர் சொல்லாத வார்த்தை பாக்கி கிடையாது. அத்தனையும் காமாக்ஷி வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது. சேஷு அவள் புருஷன், கணபதிராமன் கூடப் பிறந்த தம்பி. நடுவில் மாட்டிக்கொண்டவள் அவள்.

சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்புத்தான் வரும். கணபதிராமன் பெண்ணின் ஆயுஷ்ய ஹோமத்தன்று சேஷுவை முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லை. "வேணும்னே நிக்க வச்சான்" என்பது இவர் கட்சி. "மனுஷர் மாடியில தூங்கிண்டிருந்தார், எத்தனை நாழி இலையைப் போட்டுண்டு காத்திருக்கறது?" என்பது அவன் கட்சி. அன்றிலிருந்து ஒரு சட்டம் வந்துவிட்டது. ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழாது. காமாக்ஷி திருப்பிச் சொன்னால்தான் விழும். "உன் தம்பியைக் காபி எடுத்துக்கச் சொல்லு" என்பார் சேஷு. தம்பி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான். "எடுத்துக்கோடா" என்று இவள் சொன்ன பிறகுதான் டம்ளரில் கை வைப்பான். இரண்டு பேரும் பெரிய மனுஷர்கள்! ஒருவர் ரயில்வேயில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவன் காலேஜில் பிள்ளைகளுக்குப் பௌதிகம் நடத்துகிறவன்.

இவர்கள் இருந்தது மைசூரில். மே மாதம் கோயம்புத்தூரில் சித்தப்பா பேத்திக்குக் கல்யாணம் வந்தது. "பஸ்ஸில் போகலாம், அவன் வண்டியில் நான் ஏறமாட்டேன்" என்று சேஷு குதித்தார். பஸ்ஸில் டைகரை ஏற்றமாட்டார்களே! விட்டுவிட்டும் போக முடியாது. பெயர்தான் டைகர், பல் பாதி போய், ஒரு கண்ணில் பூ விழுந்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற கிழ நாய். காமாக்ஷி பிசைந்து கொடுக்காவிட்டால் சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காது. பிள்ளை அமெரிக்கா போன பிறகு அந்த வீட்டில் அவள் முகத்தைப் பார்த்து நிற்கிற ஜீவன் அது ஒன்றுதான். கடைசியில் தம்பியின் பியட் காரில் போவதென்று முடிவாயிற்று.

மைசூரில் வெயிலா என்று பெருமையடித்துக்கொள்கிறவர்களை அந்த வருஷ மே மாதம் வாயை மூட வைத்திருந்தது. காமாக்ஷி முதல் நாளே எல்லாம் யோசித்துவிட்டாள். விடியற்காலையில் கிளம்பிவிட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் காட்டுப் பாதைக்குப் போய்விட்டால் மரநிழல் இருக்கும். பின் சீட்டுக்குக் கீழே கோரைப் பாயை நனைத்துப் போட வேண்டும். கூஜாவில் தண்ணீர், குடிக்க ஒரு மண் சட்டி, வயிற்றையும் பாதத்தையும் துடைத்துவிட ஈரத்துண்டு. இத்தனையும் வாசலில் தயாராக இருந்தது. கணபதிராமன் வண்டியோடு வந்து நின்றபோது வெயில் சுள்ளென்று அடித்தது.

"ஏண்டா இத்தனை நாழி?"

"டயருக்குக் காத்தடிக்க வேண்டாமா அக்கா? ஆமா, இந்த நாயை நிஜமாவே ஏத்தப் போறியா? புது சீட்டு. முடி கொட்டும்."

"கீழேதான் படுத்துக்கும்."

"உன் தம்பிகிட்டச் சொல்லு" என்றார் சேஷு, பெட்டியைத் தூக்கிக்கொண்டே. "முடி கொட்டறது நாய்க்கு மட்டும் இல்லைன்னு."

கணபதிராமனின் கை தன் வழுக்கையைத் தடவிவிட்டு இறங்கியது. காமாக்ஷி அந்த வார்த்தையைக் கொண்டுபோகவில்லை. ஆகவே அவன் காதில் அது விழவில்லை.

கல்யாணத்துக்கு மைசூர் மல்லிகையும் வெற்றிலையும் ரசபாளை வாழைப்பழமும் வாங்கி வருவதாகச் சித்தப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். சின்ன மணிக்கூண்டு பக்கம், மார்க்கெட் ஓரமாக வண்டி நின்றது. நிழல் என்று பெயருக்குக்கூட ஒன்றும் இல்லை. டைகர் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாயில் படுத்திருந்தது. அந்தக் கூட்டத்துக்குள் அதை இழுத்துக்கொண்டு போக முடியாது. காமாக்ஷி பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"காமு, உன் தம்பியைக் கண்ணாடியெல்லாம் இறக்கியே வைக்கச் சொல்லு. நாய் உள்ள இருக்கு" என்றார் சேஷு.

தம்பி இரண்டடி தள்ளி நின்று சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். செவிடன் இல்லை. காமாக்ஷிக்குத் திடீரென்று அலுப்பாக வந்தது. தெளிவாகக் கேட்டிருக்கிறது, இதை வேறு நான் ஒரு தடவை ஒப்பிக்க வேண்டுமா என்று தோன்றியது. ஒன்றும் சொல்லாமல் மார்க்கெட்டுக்குள் போய்விட்டாள்.

பூவை அளந்து வாங்கி, வெற்றிலைக் கட்டைப் பிரித்துப் பார்த்து, வாழைத்தாரோடு கூலிக்காரன் பின்னால் வர அவள் வெளியே வந்தபோது, வண்டியின் நான்கு கண்ணாடியும் முழுக்க ஏற்றியிருந்தது. கதவுகள் பூட்டியிருந்தன. எதிர்க் கடையின் கூரைத் துணிக்கடியில் சேஷு பொடி போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

காமாக்ஷி கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். கண்ணாடி கன்னத்தைச் சுட்டது. நனைத்துப் போட்ட பாயும் துண்டும் சேர்ந்து உள்ளே இட்லிப் பானை மாதிரி ஆவி கட்டியிருந்தது. டைகர் ஒருக்களித்துக் கிடந்தது. விலா படபடவென்று அடித்துக்கொண்டது. நாக்கு ஊதாவாகிவிட்டது. "டைகர்!" என்று தட்டினாள். காதுகூட அசையவில்லை.

"சாவி எங்கே?"

"உன் தம்பிகிட்ட. எதிர் ஓட்டல்ல உக்காந்து முழுங்கிண்டிருக்கான்."

"அவன் பூட்டும்போது பார்த்துண்டா இருந்தேள்? ஏன்டான்னு ஒரு வார்த்தை கேக்கப்படாதா?"

"நானா?" என்றார் சேஷு. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார்.

அவள் ஓட்டலுக்குள் ஓடினாள். அவள் வயதில் யாரும் அந்தத் தெருவில் அப்படி ஓடியிருக்கமாட்டார்கள். கணபதிராமன் முன்னால் மசால் தோசை பாதி இருந்தது.

"சாவியைக் கொடுடா. நாய் சாகறது."

"கண்ணாடியை இறக்கி வைன்னு யாராவது எங்கிட்டச் சொன்னேளா? வண்டி நிறைய சாமான். பூட்டாம வர நான் என்ன மடையனா?"

"அவர் சொன்னது உன் காதில விழலை?"

"அவர் உங்கிட்டச் சொன்னார். எங்கிட்டச் சொல்லலை." கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு அவன் நிதானமாகச் சொன்னான். "நாய் மேல அத்தனை அக்கறை இருந்தா அவரே வரட்டும். கணபதி, சாவியைக் கொடுன்னு கேக்கட்டும். இதோ, பாக்கெட்லதான் இருக்கு."

தட்டைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. அதற்கும் நேரம் இல்லை. திரும்பி ஓடிவந்தாள்.

"ஒரே ஒரு வார்த்தை. போய்க் கேட்டுடுங்கோ. உங்க காலில வேணா விழறேன்."

சேஷு வண்டியைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகம் தளர்ந்தது. பிறகு ஓட்டல் வாசலைப் பார்த்தார். கணபதிராமன் அங்கே கையைத் துடைத்துக்கொண்டு நின்று இவரையே பார்த்தான். சேஷுவின் தாடை இறுகிவிட்டது. "அவன் பந்தியில நிக்க வச்சதுக்கு, தெருவில வேற நான் கை நீட்டணுமா? முடியாது. நீயே வாங்கிண்டு வா."

"அம்மா, நாயி சாய்தா இதே!" என்று கத்தினாள், நடைபாதையில் வெள்ளரிக்காய் விற்கிற நஞ்சம்மா. நாய் செத்துக்கொண்டிருக்கிறது என்பது, முன்பின் தெரியாத ஒரு வியாபாரிக்குக்கூடத் தெரிந்துவிட்டது.

காமாக்ஷி நஞ்சம்மாவின் தராசிலிருந்து இரும்பு எடைக்கல்லைத் தூக்கினாள். நாய் பின்னால் கிடந்ததால் முன் கதவுக் கண்ணாடியில் ஓங்கிப் போட்டாள். முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. கையை உள்ளே விட்டுப் பின் கதவின் பூட்டை விடுவித்தாள். முழங்கை கிழிந்ததை அப்போது அவள் கவனிக்கவில்லை. டைகரை இழுத்து நஞ்சம்மாவின் குடை நிழலில் போட்டாள். நஞ்சம்மா காய் மேல் தெளிக்க வைத்திருந்த குடத்தை அப்படியே நகர்த்திக் கொடுத்தாள். பாதத்தில், தொடை இடுக்கில், வயிற்றில் தண்ணீரை வார்த்து வார்த்துப் பூக்கூடை மூடியால் விசிறினாள். கூட்டத்தில் ஒருவன் ஐஸ் கொண்டுவரட்டுமா என்றான். "பேடா, வேண்டாம், காத்து விடுங்கோ, தள்ளி நில்லுங்கோ" என்று சீறினாள்.

விசிறிக்கொண்டே இருந்தாள். வெகுநேரத்துக்குப் பிறகு டைகர் கண்ணைத் திறந்தது. அவள் உள்ளங்கைத் தண்ணீரை ஒரு தரம் நக்கியது. பிறகு இன்னொரு தரம். காமாக்ஷிக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது.

"புத்தி இருக்கா அக்கா உனக்கு?" தலைக்கு மேலே தம்பியின் குரல். "கல்லைத் தூக்கிப் போடுவாளா ஒருத்தி?"

"அவளுக்கு எப்பவுமே இந்த அவசரம்தான்" என்றார் சேஷு. சொன்னது காமாக்ஷியிடம் இல்லை. நேராகக் கணபதிராமன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நீங்களே சொல்லுங்கோ அத்திம்பேர். ஸ்வல்பம் பொறுத்திருந்தா நானே வந்து திறந்திருக்க மாட்டேனா?"

"திறந்திருப்பே. யாரு இல்லேன்னா?"

"இந்தக் கண்ணாடி மைசூர்ல கிடைக்கறது கஷ்டம் அத்திம்பேர்."

"பெங்களூர்ல எனக்குத் தெரிஞ்சவன் இருக்கான் கணபதி. கவலைப்படாதே, நான் எழுதறேன்."

இரண்டு தலைகளும் உடைந்த கதவின் மேல் ஒன்றாகக் குனிந்தன. காமாக்ஷி நிமிர்ந்து பார்த்தாள். இவர்கள் பேசிக்கொள்ள வேண்டும் என்று அவள் சாமுண்டி மலைப் படியெல்லாம் ஏறி வேண்டிக்கொண்டிருக்கிறாள். அந்த வரம் இப்போது நடுத்தெருவில், அவளைத் திட்டுவதற்காகக் கிடைத்திருக்கிறது. இந்தப் பத்து வார்த்தையில் ஒன்றை அரைமணி முன்னால் பேசியிருக்கக் கூடாதா? அவளுக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

போய்க்கொண்டிருந்த டாங்கா குதிரை வண்டியைக் கை தட்டி நிறுத்தினாள். நஞ்சம்மா ஒரு பக்கம் பிடிக்க, டைகரைத் தூக்கி வைக்கோல் மேல் படுக்க வைத்து, தானும் ஏறிக்கொண்டாள். ஈர முந்தானையை அதன் வயிற்றில் ஒற்றினாள்.

"எங்கேடீ கிளம்பிட்டே?" என்று சேஷு பதறினார். "கல்யாணத்துக்கு நேரமாறது!"

"இதை மிருக டாக்டர்கிட்டக் காட்டிட்டு ஆத்துக்குப் போறேன். பூவும் பழமும் அதோ இருக்கு. நீங்க ரெண்டு பேரும் போங்கோ" என்றாள். "நன்னாப் பேசிண்டே போங்கோ."