வால் எங்கே தொடங்குகிறது

மூன்று வருஷமாக நான் மூஞ்சூறுகளுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். தையற்காரனாவது அளவெடுத்தால் ஒரு சட்டையைத் தைத்துக் கொடுப்பான். நான் எடுத்ததெல்லாம் ஒரு தீசிஸுக்காக. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு, மார்ச் மாதம். வெள்ளிக்கிழமைக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் விலங்கியல் டிபார்ட்மெண்டில் லெக்சரர் வேலை. புரொபஸர் வாய்விட்டே சொல்லியிருந்தார். கொடுக்காவிட்டால் ஹஜூர் கச்சேரியில், அதாவது சர்க்கார் தலைமை ஆபீஸில், அண்ணா சொல்லிவைத்திருந்த குமாஸ்தா நாற்காலி. வேலையில்லாமல் நான் கல்யாணம் செய்துகொண்டபோது அண்ணா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "மூஞ்சூறு தான் போகவே வழியைக் காணோமாம், வெளக்குமாத்தையும் கவ்விண்டுதாம்." எங்கள் வலியசாலைத் தெருவே சிரித்தது. என் ஆராய்ச்சிக்கு இவ்வளவு பொருத்தமான பழமொழி கிடைத்ததில் எனக்கே சிரிப்பு வந்தது. அப்போது எனக்குச் சிரிக்கத் தெம்பு இருந்தது.

விஷயம் இதுதான். திருவனந்தபுரத்துக் கடைத்தெரு மூஞ்சூறும், தெற்கே குழித்துறைப் பக்கத்து மூஞ்சூறும் ஒன்றல்ல என்று நான் கண்டுபிடித்திருந்தேன். ஊர் மூஞ்சூறுக்கு உடம்பு நீளம், வால் குட்டை. தெற்கத்தி மூஞ்சூறுக்கு உடம்பு குட்டை, வால் நீளம். சராசரியில் ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம். கேட்பவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் பாலூட்டிகளை இனம் பிரிக்கிறவர்களுக்கு ஏழு மில்லிமீட்டர் பெரிய தூரம். அதற்குள் ஒரு புதுக் கிளையினத்தைக் குடியேற்றி, லத்தீனில் பெயர் வைத்து, பின்னால் நம் பெயரையும் ஒட்டிக்கொள்ளலாம். நான் பெயர்கூடத் தேர்ந்து வைத்திருந்தேன். அதை இங்கே சொல்லி மிச்ச மானத்தையும் இழக்கப்போவதில்லை.

ஊர் மூஞ்சூறு நூற்றுப் பதினெட்டு. எல்லாம் ஆரியசாலை மண்டிகளில் பொறி வைத்துப் பிடித்து நான் அளந்தவை. பிள்ளையாரின் வாகனத்தைப் பிடிக்க மண்டிக்காரர்கள் லேசில் சம்மதிக்கவில்லை. "பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் ஒடச்சிட்டு வாரும், பிறகு பொறி வையும்" என்றார் ஒருவர். மண்டிக்கு ஒன்றாக, விஞ்ஞானத்துக்காகப் பதினோரு தேங்காய் உடைத்தேன்.

தெற்கத்தி மூஞ்சூறு தொண்ணூறு. அவற்றை அளந்தவன் சத்தியநேசன். குழித்துறைக்காரன். என்னோடு ஒரே பெஞ்சில் படித்து, என்னைவிட நாலு மார்க் அதிகம் வாங்கிப் பாஸ் செய்தவன். எனக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்தது. அவனுக்கு டிபார்ட்மெண்டில் 'ஸ்பெசிமன் கலெக்டர்' வேலை கிடைத்தது. அவன் என்னைச் சாமி என்று கூப்பிடுவான், நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அதில் விசேஷமாக எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. என் மூஞ்சூறுகளையும் அவன்தான் தோலுரித்துப் பஞ்சடைத்தான். அளவு மட்டும் நானே எடுத்தேன். பிராணி செத்த சூட்டோடு எடுக்கிற அளவுதான் அளவு. காய்ந்த தோலில் வால் சுருங்கிவிடும், பிறகு அளந்து பயனில்லை.

விலங்கியல் படிக்கப்போகிறேன் என்றதும் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "செத்ததைக் கையால தொடாம படிக்க முடியுமானா படி." முடிந்தது. இரண்டு நீளமான இடுக்கிகளை வைத்துக்கொண்டே தவளை அறுத்தேன், எலி அறுத்தேன், ஆனர்ஸும் முடித்தேன். சாதனைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டைப் அடித்து வந்த பட்டியல்களை என் மனைவி விஜயம் உரக்கப் படிக்க, நான் நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். தேர்ட் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவள். கணக்கில் என்னைவிடச் சமர்த்து. எனக்குக் கண் சொருகியது. கடைசிப் பக்கத்தில், சராசரிகளுக்கு வந்ததும் அவள் நிறுத்தினாள்.

"ஏன்னா, இது சரியா இருக்கா பாருங்கோ. ஊர் மூஞ்சூறு, ஒடம்பு நூத்தி முப்பத்தாறு, வால் அறுபத்தெட்டு. தெற்கத்தி, ஒடம்பு நூத்தி இருபத்தொம்பது, வால் எழுபத்தஞ்சு."

"சரிதான். மேலே படி."

"ரெண்டையும் கூட்டினா எரநூத்தி நாலுதானே வரது?"

"எதோட எதைக் கூட்டறே?"

"ஒடம்பையும் வாலையும். ரெண்டு ஜாதிக்கும் எரநூத்தி நாலு. பின்னே மூக்குலேந்து வால் நுனி வரைக்கும் ஒரே நீளந்தானே? வால் எங்கே தொடங்கறதுங்கறதுலதானே வித்யாசம்?"

என் தூக்கம் போய்விட்டது. அவள் கையிலிருந்து தாளை வாங்கி நானே கூட்டினேன். சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு பிராணியாக, இருநூற்றெட்டையும் கூட்டினேன். பெரியவை பெரியவையாக, சின்னவை சின்னவையாக, இரண்டு கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாக உட்கார்ந்தன. உடம்பில் கூடினது வாலில் குறைந்திருந்தது. ஒரே மூஞ்சூறை இரண்டு பேர் இரண்டு இடத்தில் வெட்டிப் பங்குபோட்டால் எப்படி இருக்குமோ அப்படி. மூன்று வருஷமாக இந்தக் கூட்டலை நான் போட்டுப் பார்க்கவில்லை. விஜயம் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, காப்பிக்குப் பால் வாங்க எழுந்து போனாள்.

மறுநாள் ஆரியசாலைப் பொறியில் ஒன்று விழுந்திருந்தது. லாபுக்குக் கொண்டுபோய்க் குளோரோபாரம் கொடுத்தேன். வழக்கம்போல இடுக்கியால் தூக்கிப் பலகைமேல் குப்புறப் படுக்கவைத்து, இன்னோர் இடுக்கியால் வாலை நேராக்கி, ஸ்கேலை வைத்தேன். வால் அறுபத்தொன்பது. குறித்துக்கொண்டு சத்தியநேசனைக் கூப்பிட்டேன்.

"இதோட வாலை அள."

"சாமி அளந்தாச்சில்லியா?"

"நீ அள."

அவன் மூஞ்சூறை வெறுங்கையால் எடுத்து மல்லாத்திப் போட்டான். இடது ஆள்காட்டி விரலால் அடிவயிற்றின் கீழே தடவி, மலத்துவாரத்தை ஒட்டி ஓர் இடத்தில் நகத்தை ஊன்றி, அங்கிருந்து ஸ்கேலை வைத்தான்.

"எழுபத்தாறு."

என் தாளை அவனிடம் காட்டினேன். அவன் அதைப் பார்த்துவிட்டு மூஞ்சூறைப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

"சாமி, நீங்க கவுத்திப் போட்டு மேல இருந்து பாக்குதிய. மயிரு எங்க முடியுதோ அங்க இருந்து வாலுண்ணு கணக்காக்குதிய. எலும்பு அதுக்கும் உள்ள கெடக்கு. கை வச்சுத் தடவினாத்தான் தெரியும்."

"தெரிஞ்சுண்டே இருந்தியா நீ? மூணு வருஷமா?" என்றேன். "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சொன்னேனே."

"எப்போ?"

"மொதல் வருசம், மழைக்காலம். இதே மேசை. மல்லாத்திப் போடணும் சாமி, நான் வேணும்னா பிடிச்சுத் தாறேன் எண்ணு பக்கத்துல வந்தேன். நீங்க வேட்டிய ஒதுக்கிட்டு ரெண்டடி பெறத்தால போனிய. 'உன்னோட பழக்கம் உன்னோட இருக்கட்டும், எனக்குக் கத்துத் தர வராதே'ண்ணு சொன்னிய. ஓர்மை இல்லியா?"

எனக்கு நினைவு வந்தது. அவன் கையில் கிளவுஸ் இல்லை, நகத்தில் ரத்தம் இருந்தது, நான் விலகினேன். அந்த விலகல் எனக்கு மூச்சுவிடுகிற மாதிரி ஒரு காரியம். அவனுக்கு அது தேதியோடு ஞாபகம் இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. வெட்கத்தில் காது எரிந்தது. நான் ஒன்றும் கெட்ட மனுஷன் இல்லை என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அங்கே அவனைத் தவிர யாரும் இல்லை.

"பிறகு இன்னொரு தடவகூடிச் சொல்லணும்ணு எனக்குத் தோணல்ல" என்றான். தணிந்த குரலில், "வெள்ளிக்கிழமை குடுத்திருங்க சாமி. பரிசோதகரு கல்கத்தாவுல இருக்காரு. தோலு மட்டுந்தான் அங்க போவும். காஞ்ச தோலுல இதொண்ணும் தெரியாது. நான் ஒருத்தருட்டயும் பறையமாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா எனக்கு என்ன கிட்டும்? நீங்க லெக்சரர் ஆனா எனக்க இந்த வேலையாவது நெலைக்கும். வேற ஆளு வந்தா அவரு அவருக்க ஆளைக் கொண்டு வருவாரு."

யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று பொய் சொல்லப்போவதில்லை. மத்தியான மணி அடிக்கிறவரை அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து யோசித்தேன். அவன் சொன்னது முழுக்க உண்மை. கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கண்ணை மூடினால், இன்னும் முப்பது வருஷம் நான் கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு இரண்டு மூஞ்சூறுகளின் வித்தியாசத்தை விளக்குவதும், அவன் ஸ்பெசிமன் தட்டை ஏந்திக்கொண்டு பின்சுவரில் சாய்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பதும் தெரிந்தது. நேர்மை என்று பெரிய பேரெல்லாம் வேண்டாம். அந்த முப்பது வருஷத்துக்கு என்னிடம் தெம்பு இல்லை.

புரொபஸரிடம் கூட்டல் போட்ட தாளையும், இரண்டு அளவுகளையும் குறித்த தாளையும் கொண்டுபோய் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, மூக்கைப் பிசைந்துகொண்டார்.

"இப்போழாணோ நீலகண்டா வந்து பறயுன்னது?" என்றார். இவ்வளவு நாள் கழித்தா வந்து சொல்வது என்று கேட்டதோடு விட்டார், திட்டியிருக்கலாம். அவரும் களைத்துத்தான் இருந்தார். "மிச்சம் ஏதாவது உண்டா?"

"சத்தியநேசன் அளந்த தொண்ணூறும் சரியான அளவு, சார். மொத்த நீளத்துக்கு என்னுடைய கணக்கையும் சேர்த்துக்கலாம். ரெண்டும் ஒரே இனம்தான்னு அவன் பேரில் ஒரு கட்டுரை எழுதலாம். நான் டைப் அடிச்சுத் தரேன்."

"நோக்காம்" என்றார். அந்த டிபார்ட்மெண்டில் 'பார்க்கலாம்' என்றால் நடக்காது என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். மறுபடியும் ஒரு தடவை சொன்னேன். அவர் மறுபடியும் அதையே சொன்னார். வெளியே வந்து சத்தியநேசனிடம் சொன்னபோது அவன் சந்தோஷப்படவில்லை. "அப்பம் நீங்க ஹஜூர் கச்சேரிக்கா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு மூஞ்சூறின் வயிற்றில் கத்தியை வைத்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது விஜயம் கொல்லைப்புற வாசலில் நின்றிருந்தாள். லாபிலிருந்து வந்தால் முன்வாசல் வழியாக நுழையக்கூடாது. சந்து வழியாகக் கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. நேற்றுக் கூட்டல் போட்டவள் அல்லவா.

"கொடுக்கலையா?"

"இல்லை."

அவள் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டாள். "சரி, குளிச்சுட்டு வாங்கோ. ஜலம் எறைச்சு வெச்சிருக்கேன்."

"எதுக்குக் குளிக்கணும், விஜயம்? நான் எதையும் தொடலை. மூணு வருஷத்துல ஒண்ணைக்கூடத் தொடலை."

அவள் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு குளித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.