பத்து நாள் கோபம்

அந்தக் குடும்பத்தில் திட்டம் போடுவது கணவரின் இலாகா. ஒரு வருஷம் ஊர் ஊராகச் சுற்றுவது என்று மூன்று பேரும் கிளம்பிய நாளிலிருந்தே அப்படித்தான். இருக்கிற வீடு, அடுத்துப் போகிற வீடு, அதற்கும் அடுத்த வீடு என்று எந்நேரமும் மூன்று வீடுகள் அவர் லேப்டாப்பில் தயாராக இருக்கும். பஸ் நேரம், துவைக்கிற மெஷின் உண்டா இல்லையா, மாடியென்றால் எத்தனை படி, ஒன்று விடமாட்டார். மனுஷனுக்கு அதில் அப்படி ஒரு ஆனந்தம். துணிமணி, மருந்துப் பை, பன்னிரண்டு வயது மகளின் பாடம் எல்லாம் மனைவியின் பாடு.

டிக்கெட் ஒருவர் மெயிலுக்கும் வீட்டுச் சாவி விவரம் இன்னொருவர் மெயிலுக்கும் வந்து, முதல் மாதமே ஒரு ரயிலைக் கோட்டை விட்டார்கள். "என் மெயிலையும் நீங்களே பாத்துக்கங்க, ஒரே கையில இருக்கட்டும்" என்று அவளேதான் சொன்னாள். பாஸ்வேர்டையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். பதினைந்து வருஷம் கூட இருக்கிற ஆளிடம் வேறென்ன செய்வது?

அவள் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸ். பத்தொன்பது வருஷம் ஊசி குத்தி, மெஷின் கழுவி, ராப்பகல் பாராமல் உழைத்து வாங்கிய இடம். நோயாளிகளை நாற்காலி எண்ணை வைத்தே சொல்லிவிடுவாள். நாலாம் நாற்காலிப் பெரியவருக்கு இடது கையில்தான் நரம்பு கிடைக்கும், ஏழாம் நாற்காலி அம்மாவுக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே குத்த வேண்டும். ஒரு வருஷம் விடுப்பு, திரும்பி வந்தால் அதே இடம் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கிளம்பினாள்.

பத்தாவது மாதம் முடிகிற ஒரு காலையில், முதல் வாரம் எந்த ஷிஃப்ட் என்று கேட்க மேட்ரனுக்குப் போன் செய்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டே, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு.

"எந்த ஷிஃப்டா? நீதான் வேலையே வேணாம்னு எழுதிட்டியேம்மா" என்றார் மேட்ரன். "குழந்தையோட இருக்கிற காலம் திரும்ப வராதுன்னு எழுதியிருந்தே பாரு, படிச்சுட்டு எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. ஒண்ணாம் தேதியிலேர்ந்து உன் இடத்துக்கு வேற ஆள் போடறாங்க."

தோளிலிருந்து போன் நழுவித் தொட்டிக்குள் விழப் பார்த்தது. சோப்புக் கையாலேயே பிடித்தாள்.

"அக்கா, அது நான் எழுதல."

மேட்ரன் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "அப்ப யார் எழுதினாங்கன்னு எழுதிக் குடுக்கணும்மா. 'ஏதோ தப்பு நடந்துபோச்சு'ன்னா மேல ஒத்துக்கமாட்டாங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பு. அதுக்கு மேல என் கையில இல்ல."

கணவர் மகளை நீச்சல் வகுப்பில் விடப் போயிருந்தார். லேப்டாப் மேஜைமேல் திறந்தபடியே கிடந்தது. கடிதத்தைத் தேட உட்கார்ந்தவள் கண்ணில் முதலில் பட்டது திட்டந்தான். மூன்று வீடு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் பதினோரு வீடுகள் இருந்தன. இன்னும் ஒரு முழு வருஷம். நான்காவது வரிசையில் ஏரிக்கரை வீடு, பக்கத்தில் அவர் குறிப்பு: 'மூன்றாம் தேதி, வேலை விஷயம் அவளிடம் சொல்ல வேண்டும். பாப்பா கூட இருக்கும்போது. சத்தம் போடமாட்டாள்.' அதற்குக் கீழே: 'கோபம், பத்து நாள். இரண்டு படுக்கையறை.'

மற்ற பத்து வீட்டுக்கும் ஒரே படுக்கையறை. அவள் கோபத்துக்கும் சேர்த்து ரூம் போட்டிருக்கிறார் மகராசன். அவளுக்கு ஏமாற்றியதைவிட, ஏமாந்தவள் எத்தனை நாளில் வழிக்கு வருவாள் என்று நாள் குறித்து வைத்திருந்ததுதான் தாங்கவில்லை.

அவர் திரும்பி வந்ததும் நேராகவே கேட்டாள். மனுஷன் மறுக்கக்கூட இல்லை.

"எவ்வளவு சந்தோஷமா இருக்கோம், அதைப் போய் நடுவுல நிறுத்தணுமா? அங்க போய் மறுபடியும் அந்த மெஷினுங்களோட மாரடிக்கணுமா நீ?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ வேணாம்னுதானே சொல்லுவே?" என்றார் அவர். "அதான் கேக்கல."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளத்தனமே இல்லை. குடை எடுத்து வைத்ததற்குக் காரணம் சொல்கிற மாதிரி சொன்னார். பதினைந்து வருஷமாக எந்தெந்த விஷயத்தையெல்லாம் இப்படிக் கேட்காமல் விட்டிருப்பார் என்று அவள் மனசு பின்னோக்கி ஓடியது.

அவள் புதிதாக ஒரு மெயில் திறந்து மேட்ரனுக்கு எழுத ஆரம்பித்தாள். அவர் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார். பார்த்ததும் ஆடிப்போனார்.

"என் பேரையா போடறே? போர்ஜரின்னு ஆயிடும்டீ. அங்க பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். அப்புறம் நான் எந்த மூஞ்சியோட அந்தப் பக்கம் போறது? தெரியாம நடந்துபோச்சுன்னு எழுது, கால்ல வேணா விழறேன்."

அவர் மாமனார் வீட்டில் மானம் போகாமல், கடன்காரனிடம் தலை குனியாமல், எத்தனையோ தடவை பூசி மெழுகியிருக்கிறாள். விரல் ஒரு கணம் நின்றது. நிஜமாகவே நின்றது.

கதவு திறந்தது. நீச்சல் முடிந்து, பக்கத்து வீட்டு அம்மாவோடு வந்துவிட்ட மகள் ஈரத் தலையோடு நின்றாள். "என்னம்மா ஆச்சு?"

அவருக்கு உயிர் வந்தது. கண்ணால் மகளைக் காட்டி, "அப்புறம் பேசிக்கலாம்" என்றார் மெதுவாக. பெண் வந்துவிட்டாள், இனி இவள் அடங்கிவிடுவாள் என்ற நிம்மதி அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"இங்க வந்து உக்காரும்மா" என்று மகளைக் கூப்பிட்டாள் அவள். எழுதியதை முதலிலிருந்து, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற குரலில் படித்தாள்.

"வேலையை விடுவதாக என் பெயரில் வந்த கடிதத்தை நான் எழுதவில்லை. எனக்குத் தெரியாமல், என் சம்மதம் இல்லாமல், அதை எழுதியவர் என் கணவர்."

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் அதை மேட்ரனுக்கு அனுப்பினாள்.