முப்பத்தொரு ஆத்துமாக்கள்

ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்வது என் ஊழியம். அன்று போன சபையில் போதகரையும் சேர்த்து மொத்தமே முப்பத்தொரு பேர். ஆள் குறைவு என்பதற்காகக் குறைத்துப் பேசுகிறவன் நான் இல்லை. இரண்டு மணி நேரம் வெளுத்து வாங்கினேன்.

கடைசியில், "மனந்திரும்புகிறவர்கள் முன்னே வாருங்கள்" என்றேன். வாயை மூடுவதற்குள் முப்பத்தொரு பேரும் ஓடி வந்து முழங்காலிட்டார்கள். போதகர் முதல் ஆள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையை மனதுக்குள் எழுதிக்கொண்டே ஜெபித்து முடித்தேன்.

வாசலில், மணி அடிக்கும் அம்மாவிடம், "எந்த வசனம்மா உங்களைத் தொட்டுச்சு?" என்று கேட்டேன்.

"வசனமா? போன மாசம் ஒரு ஐயா வந்தாருங்க. ரெண்டு பேர்தான் முன்னால போனோம். 'இன்னும் யாரோ ஒருத்தர் தயங்குறீங்க'ன்னு சொல்லி, மறுபடியும் ஒரு மணி நேரம் பேசிட்டாரு. வீட்டுல மாடெல்லாம் மடி கனத்துக் கத்துது. அதான் இந்தத் தடவை ஒருத்தர் பாக்கியில்லாம வந்துட்டோம்."

"அப்போ போதகர்?"

"யோசனையே அவரோடதுதாங்க, ஐயா."