நாலாவது படம்

சண்டை ஓய்ந்து மன்னாரில் மறுபடி கூட்டம் போடத் துணிந்த 2002ஆம் ஆண்டு, டிசம்பர் மாதம். நகரத்துக் கலை மன்றம் அந்த வருடம் மறைந்தவர்களை நினைவுகூரப் பின்னேரம் ஒரு கூட்டம் ஒழுங்கு செய்திருந்தது. பேச வேண்டியவள் மன்றச் செயலாளர் பெற்றிசியா. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள்தான், ஆனாலும் மேடை என்றால் அவளுக்குப் பயம்.

மண்டபத்து மேசையில் வெள்ளைத் துணி விரித்து நாலு படங்களை வைத்தாள். தீவின் பாதிப் பிள்ளைகளைக் கையில் ஏந்திய மருத்துவிச்சி மதலேனா. மைக் இல்லாமலே கோயில் முற்றம் அதிரப் பாடிய கூத்து அண்ணாவியார் செபமாலை. கட்டுக்கரைக் குளத்து வயற்காரர் தங்கள் மாடுகளை நம்பி ஒப்படைத்த மிருக வைத்தியர் பரமநாதன். நாலாவது, உடைந்த விரலோடு பெனால்டி பிடித்து மன்னாருக்குக் கிண்ணம் கொண்டுவந்த கோல் கீப்பர் சிங்கராசா.

நனைந்த குடையோடு ஒரு பெண் உள்ளே வந்து மேசையடியில் நின்றாள். சண்டைக்காலத்தில் அகதியாக இந்தியாவுக்குப் போன சிங்கராசாவின் மனைவி எடித்.

"அந்தப் படத்தை எடுங்கோ, ரீச்சர்."

பெற்றிசியா நிமிர்ந்து பார்த்தாள். படத்தை விளையாட்டுக் கழகத்தில் வாங்கியிருந்தாள். எடித்துக்கு ஆள்விட்டுச் சொன்னாளே ஒழிய நேரில் போகவில்லை.

"அக்கா, எல்லாரும் சொன்னதாலதான்..."

"எல்லாரும் ஆர்? ஒரு வள்ளக்காரன் வந்து, இந்தியாவில மண்டபம் அகதி முகாமில மன்னார்ச் சிங்கராசா காய்ச்சலில போயிட்டார் எண்டான். மீன் சந்தையில, கையில பையோட நிக்கேக்க கேட்டனான். நான் கோயில்ல அவருக்கெண்டு ஒரு பூசை கூட வைக்கேல்லை."

"விசாரிக்கேல்லையோ?"

எடித் குடையை மடக்கினாள். விரித்தாள். மறுபடி மடக்கினாள். "கேட்டால் ஓம் எண்டிடுவாங்கள். கேக்காட்டி அவர் எங்கையோ இருப்பார்."

மன்றத் தலைவர் சிவராசா கதிரைகளை அடுக்குவதை விட்டுவிட்டு வந்தார். "நோட்டீசும் அடிச்சாச்சு, பிள்ளை. இனி மாத்தேலாது. உள்ளதைச் சொல்லி முடியுங்கோ."

உள்ளது எது என்பதுதானே தெரியவில்லை. கால்பந்து தெரிந்த ஊரில் சிங்கராசா என்றால் ஒருவர்தான். வள்ளக்காரன் யாரைச் சொன்னான் என்று ஒருவருமே திருப்பிக் கேட்கவில்லை. பெற்றிசியாவுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. இந்தியாவிலிருந்து அண்மையில் திரும்பிய அயலவர் ஒருவர் முகாமுக்குப் பக்கத்துக் கடையொன்றின் நம்பரைத் தந்திருந்தார். "வாங்கோ அக்கா" என்று எடித்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சனூனின் ரெலிபோன் கடைக்கு மழையில் ஓடினாள்.

லைன் விழவில்லை. திரும்பவும் விழவில்லை. பிறகு யாரோ எடுத்து, முகாமில் கோயில் அலுவல் பார்க்கும் உபதேசியாரைக் கூட்டிவருவதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். எடித் சுவரைப் பார்த்தபடி செபமாலை மணிகளை உருட்டினாள். தூரத்தில் மண்டபத்து மைக் "ஹலோ, ஹலோ" என்று கரகரத்தது. இவளைக் கூட்டிவந்தது பிழையோ என்று பெற்றிசியாவுக்குப் பதறியது. அந்தப் பெண் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கிளையைத் தானே முறிக்கப் போகிறாளோ?

மறுபடி எடுத்தபோது உபதேசியார் பேசினார்.

"செத்தது வங்காலைச் சிங்கராசா, பிள்ளை. இஞ்ச தனி ஆள். நாங்கள்தான் அடக்கம் பண்ணினம். கோல் கீப்பரோ? அவர் கேரளத்துக் கொல்லத்தில மீன்பிடி வள்ளத்தில வேலைக்குப் போறவர். நத்தார்ப் பண்டிகைக்கு இஞ்ச வந்து நிக்கிறார். கூப்பிடவோ?"

பெற்றிசியா அவரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு ரிசீவரை எடித்திடம் நீட்டினாள். மறுமுனையில் சிங்கராசாவின் குரல் வந்தது. எடித் கேட்டாள்: "சாப்பிட்டியளோ?"

மறுமொழியில்லாத கடிதங்களைப் பற்றி அவர் கோபித்தார். அவை எடித் முன்பு தங்கியிருந்த மடு அகதி முகாமின் பழைய முகவரிக்கே போயிருந்தன. எடித் அழுதாள், சிரித்தாள், கடைசியில் அவரையே ஏசினாள். காசு வாங்க மறந்து சனூனும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பெற்றிசியா கடைசியாக ரிசீவரை வாங்கியபோது உபதேசியார் கேட்டார்: "வங்காலையில செத்தவரின்ர அக்காவுக்குத் தெரியும்தானே? வள்ளக்காரனிட்டச் சொல்லிவிட்டனாங்கள்."

பெற்றிசியா எடித்தைத் திரும்பிப் பார்த்தாள். சேதி இந்த ஊர்ச் சிங்கராசாவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வங்காலைக்குப் போகவே இல்லை. அதைக் கேட்டதும் எடித் ரிசீவரைத் திரும்ப வாங்கி, செத்தவரின் கடைசி நாட்களைப் பற்றி ஒவ்வொன்றாக விசாரித்தாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. எடித்தின் முகத்தைப் பார்த்ததும் சிவராசா நாலாவது படத்தை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தார். பெற்றிசியா மூன்று பேரைப் பற்றியும் பேசினாள். மதலேனாவின் மகள் முன்வரிசையில் விம்மினாள். ஆனால் பெற்றிசியாவின் கண் பின்வரிசைகளிலேயே தேடிக்கொண்டிருந்தது. அண்ணாவியாரின் சீடர்கள் பாடும் கூத்துப் பாட்டைக் கேட்க வங்காலையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களில் அந்த அக்காவும் இருப்பாளோ? இப்போதே சொல்ல வேண்டுமோ? வாய்வரை வந்த வங்காலைச் சிங்கராசாவின் பெயரை விழுங்கிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் எடித் சொன்னாள்: "நாளைக்கு வங்காலைக்கு நானும் வாறன். எனக்குச் சந்தையில சொன்ன மாதிரி அவவுக்கும் ஆரும் சொல்லக் கூடாது."

"நீங்கள் சந்தோசமா இருக்க வேண்டிய நாள், அக்கா."

"அதுக்காகத்தான் வாறன்."

மறுநாள் பாலம் கடந்து பஸ்ஸில் போனார்கள்.  கோயிலடியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார்கள். கசங்கிய சட்டையும் சிரித்த முகமுமாக ஒரு பெண் வெளியே வந்தாள். "வாங்கோ, இருங்கோ" என்று கதிரையைத் துடைத்தாள். "தம்பியிட்ட இருந்து ஏதும் சேதியோ?"

 எடித் கதிரையில் உட்காரவில்லை. கிட்டப் போய் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். காய்ச்சல் என்றாள். தனியாகச் சாகவில்லை, சனம் பக்கத்தில் நின்றது, குருவானவர் வந்தார் என்றாள். போனில் அவள் கேட்டு வைத்திருந்தது அவ்வளவும் இதற்குத்தான் என்று பெற்றிசியாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

அக்கா குந்தியிருந்து அழுதாள். அயல் கூடியது. அழுகை தணிந்த பிறகு பெற்றிசியா பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து கேட்டாள்: "உங்கட தம்பி எப்பிடிப்பட்டவர், அக்கா?"

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். "கடலில நல்லாச் சங்கு குளிப்பான், பிள்ளை. பகிடி விட்டானெண்டால் சிரிப்பில வள்ளமே ஆடும்..."