எரியாத கட்சி

லாவணி கேட்காதவனுக்குக் காது எதற்கு என்று நான் கேட்பேன். ராயபுரத்துத் தையல்காரன் மஜீது இப்படிப் பேசுவது பள்ளிவாசல் ஆலிம்சாவுக்குப் பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும். லாவணிக்காரன் சின்னப்பையன் தன் டேப்புப் பறையைத் தட்டிப் பாடத் தொடங்கினால், ஊசியைக் குத்தியது குத்தியபடி விட்டுவிட்டு ஓடுகிறவன் நான்.

காமன் பண்டிகைக்குத் திருவொற்றியூரில் வருஷா வருஷம் போட்டி. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தாரே, மன்மதன் எரிந்தானா இல்லையா? எரிந்தான் என்பது ஒரு கட்சி. எரியவில்லை, ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி இருக்கிறான் என்பது இன்னொரு கட்சி. பாட்டிலேயே கேள்வி, பாட்டிலேயே பதில். எதிராளி சொல்வதை ஒப்புக்கொண்டவன் தன் டேப்பை அவன் காலடியில் வைத்துவிட வேண்டும். அப்புறம் ஆயுசுக்கும் மேடை ஏறக் கூடாது.

துறைமுகத்தில் கரி சுமக்கும் சின்னப்பையன் எரியாத கட்சி. அவனை அசைக்க ஆள் கிடையாது. ஆனால் அவன் மனைவி ராஜாத்தி மட்டும் கேட்க வருவதே இல்லை. கரிக்கூலிகள் வேலைநிறுத்தம் செய்த வருஷம் அவர்கள் மகளுக்கு விஷக்காய்ச்சல். வேலைக்குத் திரும்பினால் அன்றைக்கே கூலி என்றார் மேஸ்திரி. ராஜாத்தி புருஷன் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். தோஸ்துகளை விட்டுவிட்டு அவன் துறைமுகக் கேட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை. வேலைநிறுத்தம் ஜெயித்தது, குழந்தை போய்விட்டது. அதன் பிறகு வீட்டில் அவன் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தோராம் வருஷப் போட்டிக்கு அவள் தங்கை பூவம்மா இழுத்து வந்ததால், ராஜாத்தியும் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எதிர்க்கட்சிக்கு மாரியப்பன். லாவணியில் வீட்டு விஷயத்தை இழுப்பது சகஜம்தான். ஆனாலும் அவன் இழுத்ததைக் கேட்டதும் அவன் பல்லைத் தட்ட வேண்டும் போலிருந்தது எனக்கு.

"எரியலன்னு பாடுறியே எரியாத கட்சிக்காரா,
பெத்த மவ போனாளே, அதுவும் எரியலியா, சொல்லு நேரா!"

மகள் என் நெஞ்சில் இருக்கிறாள், எரியவில்லை என்று ஒரு வரி போட்டால் போதும், ஜெயித்துவிடலாம். எனக்கே தோன்றிய வரி சின்னப்பையனுக்குத் தோன்றாதா? அவன் ராஜாத்தியைப் பார்த்தான். டேப்பை மெதுவாகத் தட்டினான்.

"கேட்டு வாசல்ல நின்னேன், காலு உள்ளாற போவல,
வூட்டு வாசல்ல எமன் நின்னான், மருந்துக்கு வழி இல்ல.
இன்னொரு தபா கேட்டாலும் நிப்பேன், அது மாறல,
எரிஞ்சது எரிஞ்சதுதான் ராசாத்தி, நான் இல்லன்னு சொல்லல."

பாடிவிட்டு டேப்பை மாரியப்பன் காலடியில் வைத்தான்.

தப்பு செய்தேன் என்று அழுதிருந்தால் பரிதாபப்பட்டிருப்பேன். செய்தது சரி என்று மார் தட்டியிருந்தால் சபாஷ் போட்டிருப்பேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான் மனுஷன், அதுவும் தோற்போம் என்று தெரிந்தே. எத்தனையோ பேர் ஜெயித்ததைப் பார்த்திருக்கிறேன். யாரையும் அப்படிக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியதில்லை.

மாரியப்பன் குனியவே இல்லை. ராஜாத்திதான் எழுந்து வந்து டேப்பை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள்.

"ஜெயிச்சது நீதான் நைனா. இத்த நான் எடுத்துகினு போறேன்" என்றாள் மாரியப்பனிடம். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"மேடையிலதானே பாடக் கூடாது? வூட்டுக்கு வா. இப்போ பாடினத எனக்கு இன்னொரு தபா பாடு."