பனியில் நீலம்

கசாப்புக் கடைக்காரர் க்ரோஷே, ப்ரஷ்யாவோடு போர் மூண்டதும் ஊர்க்காவல் படைக்குத் தலைவராகிவிட்டார். இடுப்பில் கத்திக்குப் பதில் வாள். மேசைமேல் ஈரம் காயாத ஓவியம் ஒன்று கிடந்தது. பக்கத்தில் கைகள் கட்டப்பட்டு நின்றான் தியோடுல். பாலத்தருகே உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தவனை உளவாளி என்று பிடித்து வந்திருந்தார்கள். உளவாளிதான் என்று முடிவானால் சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிடுவார்கள்.

க்ரோஷே ஊர் ஓவியன் அன்செல்மை வரவழைத்திருந்தார்.

"ஐயா, நீங்க பாரிஸ்ல மெடல் வாங்கினவரு. உள்ளதை உள்ளபடி வரையறவருன்னு பேரு. நீங்களே சொல்லுங்க, இது படமா?"

தியோடுலின் படங்களைத் தூரிகை துடைத்த துணி என்று காபிக்கடையில் ஊரறியச் சிரித்தவன் அன்செல்ம்தான். ஒரே அறையில் குடியிருந்த நண்பர்கள் இருவரும் பேச்சை நிறுத்தியதும் அதனால்தான்.

"படம்தான்."

"அப்ப இந்தப் புள்ளியெல்லாம்?"

"ஆளுங்க."

"மூக்கில்லாத ஆளுங்களா? சரி, போகட்டும். பனியில எதுக்கு நீலம்? நிழல் பழுப்பாத்தானே இருக்கும்? ஊர் மன்றத்துல தொங்குற உங்க படத்துலயும் அப்படித்தானே இருக்கு? இவன் நீலம் பூசின இடமெல்லாம் நம்ம பீரங்கி நிக்கிற இடம். எதிரிக்கு அடையாளம்!"

"நிழல் நீலமாத்தான்யா இருக்கு! கண்ணிருந்தா பாரு!" தியோடுல் கத்தினான்.

"வாயை மூடுடா," என்று அன்செல்ம் பல்லைக் கடித்தான். இவன் வாயே இவனுக்கு எமன்.

"ஐயா, நீங்க பொய் சொல்லமாட்டீங்க. பனியில நீலம் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றைத் தூரிகையால்கூடச் சொல்லாதவன் அன்செல்ம். ஆனால் தியோடுலின் விரல்கள் கயிற்றுக்குக் கீழே வெளுத்துப் போயிருந்தன.

"பாத்திருக்கேன்."

"அப்ப வாங்க, காட்டுங்க."

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. நெட்டை மரங்களின் நிழல் பனிமேல் நீண்டு கிடந்தது. அதன் நிறத்தைப் பார்க்கவே அன்செல்ம் பயந்தான். பழுப்பாக இருந்தால் தியோடுல் செத்தான். பழுப்பாகத்தான் இருக்கும், காலமெல்லாம் தான் பூசிய பழுப்பு.

பார்த்தான்.

நீலம். கூச்சமே இல்லாத நீலம்.

"அட, ஆமாய்யா!" க்ரோஷே தொப்பியைப் பின்னால் தள்ளினார். "தினமும் இந்த வழியாத்தானே கடைக்குப் போறேன்!" "அப்ப அது அடையாளமில்ல, வெறும் நிழல்," என்று கட்டை அவிழ்க்கச் சொன்னார்.

தியோடுல் மணிக்கட்டைத் தேய்த்தபடி வந்தான்.

"எனக்காகப் பொய் சொன்னியே அன்செல்ம்! நீயா சொன்னே? சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன்டா."

"இது சின்னப் பொய்டா," என்றான் அன்செல்ம். "பெரிய பொய் ஊர் மன்றத்துல தங்கச் சட்டம் போட்டுத் தொங்குது."

தியோடுல் அவன் தோளில் கைபோட்டு, குளிருது, வா, என்று இழுத்தான். வெயில் இறங்கும்வரை அன்செல்ம் அந்த நீலத்தை விட்டு நகரவில்லை.